பாஸ்வேர்டு கேக்காத ப்ராக்ஸி: பிஎக்ஸ ஒரு வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்

போன வருஷம் வரைக்கும் 45 நாளைக்கு ஒருக்கா வர்ற அந்த ஒரு வாரத்த நெனச்சாலே எனக்கு வயித்தக் கலக்கும், ஏன்னா எங்க ஃபேக்டரில 45 நாளைக்கு ஒருதடவ எல்லாரும் விண்டோஸ் பாஸ்வேர்ட மாத்தியே ஆகணும், மாத்துன மறுநாள்ல இருந்து "அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு"ன்னு போன் மேல போன் வந்துக்கிட்டே இருக்கும். அதுலயும் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மேடம் ஒருத்தங்க இருக்காங்க, ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான், ரொம்ப நிதானமானவங்க, அவங்க போன்ல "தம்பி, நான் ஒண்ணுமே பண்ணலப்பா, டீ குடிச்சிட்டு வந்து பாத்தா மறுபடி லாக் ஆகியிருக்கு"ன்னு சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி ஆயிடும். அன்லாக் பண்ணி விடுவேன், அரை மணி நேரத்துல திரும்ப லாக். மாசக் கடைசில சம்பளம் போடுற நேரத்துல இப்படி ஆச்சுன்னா அவங்க பதட்டத்தப் பாக்கவே கஷ்டமா இருக்கும்.

ஒருநாள் இத விடக்கூடாதுன்னு உக்காந்து எல்லாரோட அக்கவுண்டையும் வச்சிருக்குற டொமைன் கன்ட்ரோலர் சர்வர்ல, பதிவுகளப் பாக்குற ஈவென்ட் வியூவர தொறந்து 4740ங்குற நம்பர தேடுனேன். ஒரு அக்கவுண்ட் லாக் ஆகும்போதெல்லாம் அந்த நம்பர்ல ஒரு பதிவு விழும், எந்த மெஷின்ல இருந்து தப்பான பாஸ்வேர்டு வந்துச்சுன்னு அதுல பேர் இருக்கும். பாத்தா வந்தது அவங்க கம்ப்யூட்டர் பேரே இல்ல, எங்க ப்ராக்ஸி சர்வர் பேரு, அதாவது ஆபீஸ்ல இருந்து நெட்டுக்குப் போறத எல்லாம் கடத்தி விடுற சர்வர்! அப்பறம் ப்ராக்ஸி லாக்ல போய் அந்த நேரத்துக்கு யார் தட்டுனாங்கன்னு பாத்தாதான் விஷயம் புரிஞ்சது. மேடம் மெஷின்ல ஒரு டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் இருக்கு, பேர் வேண்டாம், அதோட செட்டிங்ஸ்ல ப்ராக்ஸி யூசர்நேம் பாஸ்வேர்டுன்னு ரெண்டு கட்டம், அதுல யாரோ எப்பவோ பழைய பாஸ்வேர்ட போட்டு சேவ் பண்ணி வச்சிருக்காங்க, அது பின்னாடி இருந்து சில நிமிஷத்துக்கு ஒருக்கா அப்டேட் இருக்கான்னு பாக்க பழைய பாஸ்வேர்டோட போய் ப்ராக்ஸி கதவ தட்டிக்கிட்டே இருக்கு. எங்க பாலிசி அஞ்சு தடவ தப்பா போட்டா லாக். மேடம் டீ குடிக்கப் போன நேரத்துல அந்த அஞ்சையும் அதுவே முடிச்சிருது.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்தத் தேடல், கடைசில வந்து நின்ன எடம் பிஎக்ஸ்னு ஒரு குட்டி ப்ரோகிராம். ஒரு வருஷம் ஆகப்போகுது, பாத்தத எல்லாம் எழுதிடுறேன், ஆபீஸ் ப்ராக்ஸிக்குப் பின்னாடி உக்காந்து வேல பாக்குற யாருக்காவது உதவும்.

மொதல்ல இந்த ப்ராக்ஸி ஆத்தரைசேஷன்னா என்னன்னு பாத்துக்குவோம், ஏன்னா பல பேருக்கு இது வைஃபை பாஸ்வேர்டு மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நெனப்பு. ஆபீஸ்ல வெளிய போற ட்ராஃபிக் எல்லாம் ஒரே வாசல் வழியா போகணும், வாசல்ல ஒரு வாட்ச்மேன், நம்ம கேஸ்ல அது ஸ்குவிட்ங்குற ப்ராக்ஸி சாஃப்ட்வேர். சாஃப்ட்வேர் போய் "இந்த சைட்டுக்கு போகணும்"னு கேட்டா வாட்ச்மேன் 407ன்னு பதில் சொல்வாரு, அதாவது நீ யாருன்னு மொதல்ல சொல்லு. அந்த பதில்லயே எந்த விதமா சொல்லலாம்னும் இருக்கும்: பேசிக், டைஜஸ்ட், என்டிஎல்எம், நெகோஷியேட் (என்டிஎல்எம் மைக்ரோசாஃப்டோட பழைய முறை, நெகோஷியேட்னா அதுவா இல்ல கெர்பரோஸ்ங்குற இன்னொரு முறையான்னு பேசி முடிவு பண்றது). பிரவுசர் இதெல்லாம் தானா பாத்துக்கும், விண்டோஸ்ல நீங்க காலைல லாகின் பண்ணதையே எடுத்துக் காட்டி உள்ள போயிரும், உங்களுக்கு கேள்வியே வராது. அதனாலதான் "பிரவுசர்ல நெட் வருது சார், இந்த சாஃப்ட்வேர்ல மட்டும் வரல"ன்னு எல்லா ஆபீஸ்லயும் ஒரே புகார்.

டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதுறவங்க இத கடைசி வாரத்துல யோசிக்கிறாங்கன்னு நெனக்கிறேன், அவங்க வீட்லயோ ஆபீஸ்லயோ ப்ராக்ஸி இருக்காது, அதனால டெஸ்ட்டே ஆகாது. சில சாஃப்ட்வேருக்கு ப்ராக்ஸின்னா என்னன்னே தெரியாது, நேரா போக முயற்சி பண்ணி டைம் அவுட் ஆகி நிக்கும். சிலது அட்ரஸும் போர்ட்டும் மட்டும் கேக்கும், 407 வந்தா "சர்வர் எரர்"னு பொத்தாம்பொதுவா ஒரு மெசேஜ் காட்டிட்டு ஒதுங்கிக்கும். இன்னும் சிலது நம்ம மேடம் மெஷின்ல இருந்த மாதிரி தன்னோட சொந்தக் கட்டத்துல யூசர்நேம் பாஸ்வேர்டு கேக்கும். எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம். அந்தக் கட்டத்துல போடுறது சும்மா நெட்டுக்கான பாஸ்வேர்டு இல்ல, அது ஒரு ஆளோட டொமைன் பாஸ்வேர்டு, அதுலதான் மெயிலு, பேஸ்லிப், ஃபைல் சர்வர் எல்லாமே. அத வாங்கி எங்க வைக்கிறாங்க? ஒரு சாஃப்ட்வேரோட செட்டிங்ஸ் ஃபைல நோட்பேட்ல தொறந்து பாத்தேன், அப்படியே பச்சையா கெடக்கு. அந்த மெஷின்ல உக்கார்ற யார் வேணா தொறந்து படிக்கலாம்.

அனுப்புறது எப்படின்னு பாத்தா அதுவும் பெரும்பாலும் பேசிக் முறை. பேசிக்னா யூசர்நேம், நடுவுல ஒரு முக்கால்புள்ளி, பாஸ்வேர்டு, இத சேத்து பேஸ்64ல மாத்தி ஹெடர்ல வச்சு அனுப்புறது, அவ்வளவுதான், அது பூட்டு கிடையாது, எழுத்த மாத்தி எழுதுற மாதிரி. நம்ம மெஷினுக்கும் ப்ராக்ஸிக்கும் நடுவுல சாதா எச்டிடிபிதான் ஓடும், நெட்வொர்க்ல போறத புடிச்சுக் காட்டுற ஒயர்ஷார்க் போட்டு பாத்தா ஒரு ரைட் கிளிக்ல பாஸ்வேர்டு கைல வந்துரும். நான் எங்க ட்ரெயினி பையனுக்கு இத என் சொந்த டெஸ்ட் அக்கவுண்ட வச்சு செஞ்சு காமிச்சேன், அவன் "அண்ணே, அப்போ எல்லாரோடதும் இப்படித்தான் போய்க்கிட்டு இருக்கா"ன்னு கேட்டான், அதுக்கப்பறம் எனக்கு ராத்திரி தூக்கமே சரியா வரல.

இதே காரணத்துக்காகத்தான் ஜாவா பக்கம் 2016 அக்டோபர்ல வந்த 8 அப்டேட் 111ல ஒரு மாத்தம் பண்ணாங்க, எச்டிடிபிஎஸ் டனல் போடும்போது ப்ராக்ஸிக்கு பேசிக் முறைல போறத டிஃபால்ட்டா நிறுத்திட்டாங்க. நல்ல முடிவு, ஆனா அது தெரியாம அந்த நேரத்துல எத்தன பேர் தலையப் பிச்சுக்கிட்டிருப்பாங்கன்னு யோசிங்க, நேத்து வரைக்கும் ஓடுன ஜாவா அப்ளிகேஷன் அப்டேட் பண்ண மறுநாள் 407 சொல்லும். நெட்ல தேடுனா தடை செஞ்ச முறைங்களோட லிஸ்ட காலியாக்கிடுன்னு ஒரு வரி மருந்து கெடைக்கும், எல்லாரும் அதப் போட்டுட்டு போயிருவாங்க, நானும் ஒரு காலத்துல போட்டவன்தான். இப்ப நெனச்சா அது தப்பு, அவங்க கதவ பூட்டிக் குடுத்தா நாம அந்தப் பூட்டையே கழட்டி வச்ச மாதிரி.

இதுக்கு எல்லாம் ஒரு மாற்று வழி பல வருஷமா இருக்கு, நம்ம மெஷின்லயே ஒரு குட்டி ப்ராக்ஸிய ஓட விடுறது. சாஃப்ட்வேருங்க எல்லாம் அதுகிட்ட எந்த பாஸ்வேர்டும் இல்லாம போகும், அது நமக்காக பெரிய ப்ராக்ஸிகிட்ட போய் நாம யாருன்னு நிரூபிச்சுட்டு வரும். இந்த வகைல ரொம்பப் பேருக்குத் தெரிஞ்சது சிஎன்டிஎல்எம். நான் மொதல்ல ரெண்டு மாசம் அதத்தான் ஓட்டுனேன். சும்மா சொல்லக்கூடாது, சி மொழில எழுதுனது, மெமரியே சாப்பிடாது, விண்டோஸ் சர்வீஸா போட்டுட்டா இருக்குறதே தெரியாது, ஒருதடவ நிரூபிச்ச கனெக்‌ஷன வச்சிருந்து திரும்பத் திரும்ப உபயோகிக்கும், வேகம் பிரமாதம். பாஸ்வேர்ட அப்படியே எழுதி வைக்கத் தேவையில்ல, ஒரு கமாண்ட் குடுத்தா பாஸ்வேர்டு கேட்டு, அதுல இருந்து கணக்குப் போட்டு ஹேஷ்ங்குற ஒரு குறியீட எடுத்துத் தரும், அத கான்ஃபிக் ஃபைல்ல ஒட்டிக்கலாம். எந்த முறை நம்ம ப்ராக்ஸில வேல செய்யுதுன்னு தானே ஒவ்வொண்ணா முயற்சி பண்ணிப் பாத்து சொல்ற வசதியும் இருக்கு, அது ரொம்ப நல்லா யோசிச்ச விஷயம்.

ஆனா எனக்கு ஒத்துவரல. ஹேஷ்னு சொன்னாலும் என்டிஎல்எம்ல அந்த ஹேஷ் கைல இருந்தாலே போதும், அத வச்சே உங்க பேர்ல உள்ள நுழையலாம், அப்போ அது பாஸ்வேர்டு எழுதி வச்சதுக்கு கொஞ்சம்தான் மேல. அதவிட முக்கியம், 45 நாள் கழிச்சு பாஸ்வேர்டு மாறுனா ஹேஷும் மாறணும், ஃபைல்ல பழசு இருந்தா அதே லாக் அவுட் கதைதான், இந்த தடவ தட்டுறது ஒரு சாஃப்ட்வேர் இல்ல, மெஷின்ல இருக்குற எல்லா சாஃப்ட்வேரும் சேந்து தட்டும். எந்த நோயத் தீக்க வந்தேனோ அது பெருசாகித்தான் நின்னுச்சு. ஒரே ஆளு, ஒரே மெஷின், பாஸ்வேர்டு மாத்துனா உடனே ஃபைலையும் மாத்துற பழக்கம் உள்ளவங்கன்னா சிஎன்டிஎல்எம் இன்னைக்கும் நல்ல சாமான்தான். மூல வெர்ஷன் 0.92.3லயே ரொம்ப காலமா நிக்குது, கிட்ஹப்ல வேற ஆளுங்க தனியா எடுத்து வளத்துக்கிட்டு இருக்காங்க, இப்ப போடுறவங்க அதப் பாத்துப் போடுறது நல்லது.

பிஎக்ஸ் இந்த எடத்துலதான் வேற மாதிரி. அது பாஸ்வேர்டே கேக்கல! காலைல நீங்க விண்டோஸ்ல லாகின் பண்ணீங்கல்ல, அந்த லாகினையே விண்டோஸுக்குள்ள இருக்குற எஸ்எஸ்பிஐங்குற வழியா கேட்டு வாங்கி ப்ராக்ஸிகிட்ட காட்டுது, பிரவுசர் என்ன பண்ணுதோ அதேதான். பாஸ்வேர்டு மாத்துனா நீங்க புதுசுல லாகின் பண்ணுவீங்க, அதுவும் புதுசாயிரும், ஃபைல்ல தொட வேண்டியது ஒண்ணுமே இல்ல. இது பைத்தான்ல எழுதுனது, எம்ஐடி லைசென்ஸ், இலவசம், பைத்தான் இருக்குற மெஷின்ல அதோட பேக்கேஜ் எறக்குற பிப் வழியாவும் போடலாம், இல்லாதவங்க ரெடிமேடா எக்ஸிஇ ஃபைல எறக்கி ஒரு ஃபோல்டர்ல போட்டா போதும். அட்மின் உரிமை தேவையில்ல, இது பெரிய விஷயம், ஏன்னா எங்க ஆபீஸ்ல யூசருக்கு யாருக்கும் அட்மின் கெடையாது.

மேடம் மெஷின்ல போட்ட அன்னைக்கு நான் செஞ்சது இவ்வளவுதான். ஃபோல்டர்ல போட்டேன், கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிஎக்ஸ், பக்கத்துல ப்ராக்ஸி பேரும் போர்ட்டும், சேவ்னு ஒரு ஆப்ஷன், அது பக்கத்துலயே ஒரு ஐஎன்ஐ செட்டிங்ஸ் ஃபைல எழுதிக்கிச்சு. அப்பறம் இன்ஸ்டால்னு ஒரு ஆப்ஷன், அது ரெஜிஸ்ட்ரில அந்த யூசருக்கு மட்டும் லாகின் பண்ணும்போது தானா ஓடுற மாதிரி ஒரு வரி போட்டுருச்சு. அப்பறம் டெஸ்ட்னு ஒரு ஆப்ஷன், ஓட்டிப் பாத்தா எல்லாம் சரின்னு வந்துச்சு. ப்ராக்ஸி பேரு குடுக்கலன்னாலும் பரவால்ல, விண்டோஸ் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்ல என்ன இருக்கோ அத, எந்த சைட்டுக்கு எந்த ப்ராக்ஸின்னு சொல்ற பேக் ஃபைலா இருந்தாலும், தானே எடுத்துக்கும். அந்தப் பழைய சாஃப்ட்வேர்ல யூசர்நேம் பாஸ்வேர்டு ரெண்டையும் அழிச்சிட்டு, ப்ராக்ஸி அட்ரஸ்ல 127.0.0.1, அதாவது இதே மெஷின், போர்ட் பிஎக்ஸ் காத்துக்கிட்டிருக்குற 3128ன்னு போட்டேன். மொத்தம் பத்து நிமிஷம் கூட ஆகல. மேடம் பக்கத்துல நின்னு பாத்துட்டு "பாஸ்வேர்டு போடவே இல்லயேப்பா"ன்னாங்க. "அதுதான் மேடம் வேணும்"னேன்.

உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க ஆசப்பட்டு என் மெஷின்ல லாக் ஆன் பண்ணி கொஞ்ச நேரம் பாத்தேன். ஒரு சாஃப்ட்வேர் எச்டிடிபிஎஸ் சைட்டுக்கு போகணும்னா கனெக்ட்னு ஒரு கோரிக்கைய பிஎக்ஸ்கிட்ட குடுக்குது, பிஎக்ஸ் அத பெரிய ப்ராக்ஸிகிட்ட கொண்டு போகுது, 407 வருது. என்டிஎல்எம்னா இப்ப மூணு கட்டம்: நான் வந்திருக்கேன்னு ஒரு மெசேஜ், அதுக்கு ப்ராக்ஸி எட்டு பைட்ல ஒரு புதிர் எண்ண அனுப்பி மறுபடி 407 சொல்லுது, அந்த எண்ண வச்சு கணக்குப் போட்டு பதில் அனுப்புனா 200ன்னு கதவு தெறக்குது. பாஸ்வேர்டு ஒயர்ல போகவே இல்ல. இந்த மூணும் ஒரே கனெக்‌ஷன்ல நடக்கணும், நடுவுல அறுந்தா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், நெறய சாஃப்ட்வேர் சொந்தமா என்டிஎல்எம் எழுதப் போய் தடுக்கி விழற எடம் இதுதான், ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது கனெக்‌ஷன் போட்டுட்டு ஏன் முடிவில்லாம 407 வருதுன்னு முழிக்கும்.

நெகோஷியேட்டுன்னு வந்தா உள்ள என்டிஎல்எம்மா கெர்பரோஸான்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன வழி இருக்கு, ஹெடர்ல அந்த வார்த்தைக்கு அப்பறம் வர்ற நீளமான எழுத்துக் கூட்டம் டி, எல், ஆர், எம்னு ஆரம்பிச்சா அது என்டிஎல்எம், ஒய், ஐ, ஐன்னு ஆரம்பிச்சா கெர்பரோஸ். எங்களுக்கு எல்லா மெஷினும் கெர்பரோஸ்ல போகணும்னு ஆச, ஏன்னா மைக்ரோசாஃப்டே 2024 ஜூன்ல என்டிஎல்எம்ம இனி வளக்க மாட்டோம்னு ஒதுக்கி வச்சிருச்சு, விண்டோஸ் 11 24எச்2ல இருந்து அதோட மொத வெர்ஷன எடுத்தே விட்டாங்க. ஆனா மொத நாள் லாக் பாத்தா எல்லா மெஷின்லயும் டி, எல், ஆர், எம்தான்! ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டுனதுக்கு அப்பறம்தான் உறைச்சது, நாங்க ப்ராக்ஸிய பேர் போட்டு குடுக்காம ஐபி அட்ரஸா குடுத்திருக்கோம். கெர்பரோஸ் டிக்கெட்டு ஒரு சர்வீஸோட பேருக்குத்தான் குடுப்பாங்க, ஐபிக்குக் கேட்டா டிக்கெட் இல்ல, சத்தமில்லாம என்டிஎல்எம்முக்கு எறங்கிரும். ஐஎன்ஐ ஃபைல்ல ஐபிய எடுத்துட்டு முழுப் பேர போட்டதும் ஒய், ஐ, ஐன்னு வந்துச்சு பாருங்க, அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம், கேலிஸ்ட் கமாண்ட் போட்டு டிக்கெட்ட நாலு தடவ பாத்தேன்.

ஒரே ஒரு மெஷின் மட்டும் அதுக்கும் மசியல. ஸ்டோர்ஸ்ல இருக்குற பழைய டெஸ்க்டாப். கடைசில பாத்தா அதுல மதர்போர்டு பேட்டரி செத்துப்போய் கடிகாரம் பதினோரு நிமிஷம் பின்னாடி ஓடுது. கெர்பரோஸுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல நேர வித்தியாசம் ஆகாது. ஒரு பட்டன் பேட்டரி வாங்கிப் போட்டு நேரத்த சரி பண்ணதும் அதுவும் வழிக்கு வந்துருச்சு.

டெவலப்மென்ட் டீம் பசங்களுக்குத்தான் இதுல அதிக லாபம். பிப்பும், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அதே வேல பாக்குற என்பிஎம்மும் என்டிஎல்எம் பேசத் தெரியாதவை, அதனால அந்தப் பசங்க என்வைரன்மென்ட் வேரியபிள்ல யூசர்நேம் பாஸ்வேர்டு அட்ரஸ் எல்லாத்தையும் ஒரே வரியா எழுதி வச்சிருந்தாங்க, பாஸ்வேர்டுல அட் குறி இருந்தா அத சதவீதக் குறியோட 40ன்னு மாத்திப் போடணும், போடலன்னா பாஸ்வேர்டுல பாதிய சர்வர் பேருன்னு எடுத்துக்கும், அந்த ஒரு குறிக்காக ஒரு பையன் அரை நாள் உக்காந்திருந்தான். இப்போ அந்த வரில பாஸ்வேர்டும் இல்ல, குறியும் இல்ல, லோக்கல் அட்ரஸ் மட்டும்தான். கிட்டும் அப்படியே, ஜாவாவும் அப்படியே, விஎஸ் கோடும் அப்படியே. நேர்மையா ஒண்ணு சொல்லணும், கிட்டும், கமாண்ட் லைன்ல நெட்ல இருந்து எறக்குற கேர்லும் விண்டோஸ்ல பிஎக்ஸ் இல்லாமலே லாகின எடுத்துக்கத் தெரிஞ்சவை, கேர்ல்ல யூசர்நேம் எடத்துல வெறும் முக்கால்புள்ளி மட்டும் போட்டு என்டிஎல்எம்னு சொன்னாலே போயிரும். டாட்நெட் ஃப்ரேம்வொர்க்ல எழுதுன சாஃப்ட்வேருக்கும் கான்ஃபிக் ஃபைல்ல டிஃபால்ட் ப்ராக்ஸிங்குற பகுதில டிஃபால்ட் கிரெடென்ஷியல உபயோகின்னு ஒரே ஒரு வரி சேத்தா போதும். அந்த ஒரு வரிய எழுதுனவங்களே போட்டுக் குடுத்திருந்தா எத்தன ஆபீஸ்ல எத்தன பேரோட பாஸ்வேர்டு பத்திரமா இருந்திருக்கும்னு நெனச்சா மனசு ஆறல.

இப்ப குறைகளுக்கு வர்றேன். ரொம்பப் பெரிய குறை, யாரும் எச்சரிக்காத குறை, ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் மாதிரி ஒரே மெஷின்ல பல பேர் லாகின் பண்ற எடம். 127.0.0.1ங்குறது அந்த மெஷினுக்கே பொது, ஆளுக்கு ஆள் தனி கெடையாது. மொதல்ல வந்தவரோட பிஎக்ஸ் 3128அ புடிச்சுக்கும், அடுத்து வந்தவரோட சாஃப்ட்வேர் அதே போர்ட்டுக்குப் போனா மொதல் ஆளோட பேர்ல வெளிய போகும்! ப்ராக்ஸி லாக்ல பூரா அந்த அப்பாவியோட பேருதான் விழும். எங்க டேலி ஓடுற சர்வர்ல போடலாம்னு கை வச்சேன், நல்லவேளையா மொதல்லயே ரெண்டு அக்கவுண்ட்ல டெஸ்ட் பண்ணிப் பாத்து நிறுத்திட்டேன். புது வெர்ஷன்ல பிஎக்ஸ்கிட்ட வர்றவங்களையும் யாருன்னு கேக்குற வசதி இருக்கு, ஆனா அப்ப சாஃப்ட்வேர் மறுபடி பாஸ்வேர்டு கேக்குற பழைய கதைக்கே வந்துருவோம். அதனால என் அபிப்பிராயம், ஒரு ஆள் ஒரு மெஷின்னு இருக்குற எடத்துக்கு மட்டும்தான் இது.

அதே மாதிரி கேட்வேன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணா பக்கத்து மெஷின்ல இருந்தும் உங்க பிஎக்ஸ் வழியா போகலாம். தயவுசெஞ்சு ஆன் பண்ணாதீங்க. ஒரு பையன் டாக்கர் கன்டெய்னருக்கு நெட் வரலன்னு அத ஆன் பண்ணி வச்சிருந்தான், அந்த மாடில இருக்குற எல்லாரும் அவன் பேர்ல வெளிய போயிருக்கலாம். அதுக்குன்னே ஹோஸ்ட் ஒன்லின்னு தனி ஆப்ஷன் இருக்கு, அந்த மெஷினுக்குள்ள இருக்குற விர்ச்சுவல் மெஷினும் கன்டெய்னரும் மட்டும் வரலாம், அதப் போட்டுக் குடுத்தேன். விண்டோஸுக்குள்ளயே ஓடுற டபிள்யூஎஸ்எல் லினக்ஸுக்குள்ள வேரியபிள் பேர சின்ன எழுத்துலயே எழுதுங்க, எச்டிடிபி ப்ராக்ஸிங்குறத பெரிய எழுத்துல எழுதுனா கேர்ல் கண்டுக்காது, அது பாதுகாப்புக்காக வேணும்னே அப்படி வச்சது.

விண்டோஸ் சர்வீஸா ஓடுற சாஃப்ட்வேருக்கு பிஎக்ஸ் ஆகாது, ஏன்னா பிஎக்ஸ் யூசர் லாகின் பண்ணப்பறம்தான் எழுந்திரிக்கும், சர்வீஸ் அதுக்கு முன்னாடியே எழுந்து நெட்ட தேடும். பேக்கப் சாஃப்ட்வேர் ஒண்ணுக்காக இதுல ஒரு வாரம் வீணாச்சு, கடைசில ப்ராக்ஸி பக்கமே அந்த ஒரு அட்ரஸுக்கு மட்டும் விதிவிலக்கு போட்டுட்டோம், அதுதான் சரியான வழி. லினக்ஸ்லயும் மேக்லயும் பிஎக்ஸ் ஓடும், ஆனா இந்தப் பாஸ்வேர்டு கேக்காத சுகம் விண்டோஸ்லதான், மத்ததுல யூசர்நேம் குடுத்து பாஸ்வேர்ட கீரிங்னு சிஸ்டத்தோட பூட்டுன பெட்டகத்துல வைக்கணும், ஃபைல்ல எழுதுறத விட அது எவ்வளவோ மேல்னாலும் 45 நாள் கவல திரும்ப வந்துரும்.

உள்ளூர் சர்வர்கள நோப்ராக்ஸி லிஸ்ட்ல சேக்க மறக்காதீங்க, இல்லன்னா பக்கத்து ரூம்ல இருக்குற ஈஆர்பிக்குக் கூட வெளி வாசல் வழியா போய் மாட்டிக்கும். அப்பறம் உங்க ஆபீஸ் ப்ராக்ஸி எச்டிடிபிஎஸ்ஸ பிரிச்சுப் பாக்குற வகைன்னா சர்டிஃபிகேட் எரர் வரும், அது பிஎக்ஸ் பிரச்சன இல்ல, அது உள்ள போறத தொடாது, அப்படியே கடத்தி விடும். ஆபீஸோட ரூட் சர்டிஃபிகேட்ட ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் நோடுக்கும் தனித்தனியா சொல்லிக் குடுக்கணும். அதுக்குப் பதிலா சரிபாக்குறதையே நிறுத்திடுற ஆப்ஷன போட்டுட்டுப் போறவங்கள நான் பாத்திருக்கேன், வேண்டாம்.

இன்னொண்ணு. இது ப்ராக்ஸிய ஏமாத்துற சாமான் இல்ல, உங்க பேர்லதான் வெளிய போகுது, ப்ராக்ஸி லாக்ல எல்லாமே விழும், தடை பண்ண சைட்டு தடையாத்தான் இருக்கும். இருந்தாலும் உங்க மெஷின்ல ஓடுற எந்த ப்ரோகிராமும், வைரஸா இருந்தாலும், கேள்வியில்லாம வெளிய போற ஒரு கதவு அதனால தெறக்குதுங்குறது உண்மை. அதனால செக்யூரிட்டி பாக்குறவங்ககிட்ட சொல்லாம போடாதீங்க. நான் எங்க மேனேஜர்கிட்ட போய் பழைய செட்டிங்ஸ் ஃபைல்ல பாஸ்வேர்டு பச்சையா கெடந்தத மொதல்ல காமிச்சேன், அப்பறம் பிஎக்ஸ் ஐஎன்ஐ ஃபைல காமிச்சேன், "இதுல பாஸ்வேர்டு எங்கய்யா"ன்னாரு, "இல்ல சார்"னேன், அடுத்த நாளே பர்மிஷன் மெயில் வந்துருச்சு. எந்தெந்த மெஷின்ல இருக்குன்னு ஒரு எக்ஸெல்ல எழுதி வச்சிருக்கேன், இன்னைக்கு தேதிக்கு 38 மெஷின்.

மார்க் போடச் சொன்னா பத்துக்கு எட்டு குடுப்பேன். கொறச்ச ரெண்டு மார்க்ல ஒண்ணு அந்த ரிமோட் டெஸ்க்டாப் விஷயத்த முகப்புலயே பெருசா எழுதாததுக்கு, இன்னொண்ணு எல்லாமே கமாண்ட் லைன்ல இருக்குறதால சாதாரண யூசர் தானா போட்டுக்க முடியாததுக்கு. மத்தபடி காசு வாங்காம எழுதிக் குடுத்த அந்த ஆளுங்களுக்கு எங்க ஐடி டீம் சார்பா பெரிய நன்றி.

போன திங்கக்கிழமை மறுபடி எல்லாருக்கும் பாஸ்வேர்டு மாத்துற நாள். பழக்க தோஷத்துல செவ்வாய்க்கிழமை சீக்கிரமே வந்து போன் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். பதினோரு மணிக்கு மேடம் போன்தான் வந்துச்சு, எடுத்தா பிரிண்டர்ல பேப்பர் சிக்கிருச்சாம்.